மூக்கு வழி மருந்தும் மூலிகைத் துணையும்: வாக்குறுதிக்கும் ஆதாரத்துக்கும் இடையே

புதுதில்லி: வலிப்பு கண்டு துடிக்கும் குழந்தையின் கையில் இரத்த நாளத்தைத் தேடி ஊசி செலுத்துவது தேர்ந்த செவிலியருக்கே கடினமான காரியம். நள்ளிரவில் வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கு அது இயலவே இயலாது. இத்தகைய தருணங்களுக்காகவே மிடாசோலம் என்ற மருந்தை மூக்கில் தெளிக்கும் சிறு குப்பிகள் இந்தியச் சந்தையில் விற்கப்படுகின்றன. மருத்துவரின் ஆலோசனைப்படி அதை வாங்கி வைத்திருக்கும் பெற்றோர், உரிய அளவைக் குழந்தையின் நாசியில் தெளித்தால் சில நிமிடங்களில் மருந்து இரத்தத்தில் கலந்து மூளையை எட்டிவிடுகிறது.

இதே வசதி நீரிழிவு நோயாளிக்குக் கிடைப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் உள்ளது. அவர்களில் இன்சுலினை நம்பியிருப்போர் அன்றாடம் ஊசி குத்திக்கொள்கின்றனர். 2014-ல் அமெரிக்காவும் 2024 டிசம்பரில் இந்தியாவும் அனுமதித்த, முகர்ந்து இழுக்கும் இன்சுலின் நுரையீரல் வழியாகச் செல்வது. மூக்குச் சவ்வின் வழியாகச் செல்வதன்று.

மிடாசோலத்துக்குத் திறக்கும் கதவு இன்சுலினுக்கு ஏன் மூடிக்கொள்கிறது? அந்தக் கதவைத் தற்காலிகமாகத் திறக்கும் திறவுகோல் தாவரங்களில் கிடைக்குமா? உலகெங்கும் மருந்தியல் ஆய்வகங்கள் நாற்பது ஆண்டுகளாக விடை தேடும் கேள்வி இது. திப்பிலியையும் மிளகையும் மருந்துக்குத் துணையாகச் சேர்க்கும் மரபு கொண்ட இந்தியாவுக்கு இதில் தனி அக்கறை உண்டு. தனிப் பொறுப்பும் உண்டு.

நாசி என்னும் வாயில்

மனித நாசியின் உட்பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். உள்ளங்கை அளவே ஆன இந்தப் பரப்பின் அடியில் நுண்ணிய இரத்த நாளங்கள் அடர்ந்துள்ளன. விழுங்கும் மாத்திரை இரைப்பையின் அமிலத்தையும் குடலின் நொதிகளையும் கடந்து, பின் கல்லீரலில் பெருமளவு சிதைந்து, எஞ்சியதே உடலுக்குப் பயன்படுகிறது. மூக்கின் வழியே ஏறும் மருந்து கல்லீரலின் இந்த முதல் சோதனைக்கு உட்படாமல் நேரே இரத்தத்தில் கலக்கிறது. ஊசியும் வேண்டாம், ஊசி போடுவதற்கு ஆளும் வேண்டாம். மருத்துவமனை தொலைவில் உள்ள கிராமங்கள் நிறைந்த நாட்டில் இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் நாசி உடலுக்குக் காவல் நிற்கும் உறுப்பு. அதன் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துள்ளன. மேலே சளிப்படலம் போர்த்தியுள்ளது. நுண்ரோமங்கள் இடைவிடாது அசைந்து, படிந்த பொருளைப் பதினைந்து இருபது நிமிடங்களில் தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. ஒரு நாசித் துளையில் ஒரு தடவைக்குத் தெளிக்கத்தக்க நீர்மமோ 0.1 முதல் 0.15 மில்லிலிட்டர் மட்டுமே. மூலக்கூறு எடை 1,000 டால்டனுக்கு உட்பட்ட சிறிய மருந்துகள் இந்தக் காவலை எளிதாகக் கடக்கின்றன. மிடாசோலத்தின் எடை 326 மட்டுமே. இன்சுலினின் எடையோ சுமார் 5,800. துணையின்றி அது நாசியைக் கடப்பது மிகச் சொற்பம்.

நுரைக்கும் மரப்பட்டை

பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நீரில் நுரைப்பதை நாம் அறிவோம். அந்த நுரைக்குக் காரணம் சப்போனின் என்னும் தாவரச் சேர்மங்கள். அவற்றின் ஒரு பகுதி நீரையும் மறு பகுதி கொழுப்பையும் நாடுவதால் செல்களின் மேலுறையை இளக்கும் இயல்பு அவற்றுக்கு உண்டு. தென் அமெரிக்க நாடான சிலியில் வளரும் குவில்லாஜா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட சப்போனின்களை இன்சுலினுடன் சேர்த்து விலங்குகளின் மூக்கில் செலுத்தியபோது இரத்தச் சர்க்கரை குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசினும் இவ்வகையில் ஆராயப்பட்டது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. செல்லின் மேலுறையை இளக்கும் பொருள் அதைச் சிதைக்கவும் வல்லது. சப்போனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நாசியில் எரிச்சலை உண்டாக்கும். பித்த உப்புகளைக் கொண்டு 1980-களில் மனிதர்களிடம் நடந்த மூக்கு வழி இன்சுலின் சோதனைகளும் எரிச்சல் என்ற இதே தடையில் முட்டி நின்றன. எப்போதோ வரும் வலிப்புக்கு ஒருமுறை தெளிப்பது வேறு. நாளுக்கு மூன்று வேளை, வாழ்நாள் முழுவதும் தெளிப்பது வேறு. குவில்லாஜா சப்போனினின் கடுமையைக் குறைக்க அதன் அமைப்பை வேதியியலாளர்கள் மாற்றிப் பார்த்தனர். எரிச்சல் தணிந்தது. ஆனால் மூக்கு வழி இன்சுலின் இன்றளவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை.

மருந்துக்கடையை எட்டியவை

இந்த முயற்சிகளின் பட்டறிவு வீண் போகவில்லை. மூலிகைச் சாற்றை அப்படியே பயன்படுத்துவதைக் கைவிட்டு, தாவர மூலப்பொருளிலிருந்து தூய்மையாக உருவாக்கப்பட்ட ஒற்றைச் சேர்மங்களை நோக்கி ஆய்வு நகர்ந்தது. வெற்றி பெற்றவை பெரும்பாலும் இவ்வகையினவே.

மாவுச்சத்தின் சர்க்கரையான மால்டோசையும், தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து பெறக்கூடிய கொழுப்பு ஆல்கஹாலையும் இணைத்தால் கிடைப்பது டோடெசில் மால்டோசைடு. நாசிச் செல்களின் பிணைப்பை இது சிறிது நேரம் தளர்த்துகிறது. ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் தெளிப்பானில் இதைச் சேர்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-ல் அனுமதித்தது. 10 மில்லிகிராம் தெளித்தால் 4 மில்லிகிராம் தோலடி ஊசிக்கு நெருக்கமான இரத்த அளவு கிடைக்கிறது. வலிப்புக்கான டயசிபாம் தெளிப்பானில் 2020-லும், போதைப்பொருள் மிகுதியால் மூச்சு அடங்குவோரைக் காக்கும் நால்மெஃபீன் தெளிப்பானில் 2023-லும் இதே சேர்மம் இடம்பெற்றது.

மாவுச்சத்தை நொதி கொண்டு வளைய வடிவச் சர்க்கரையாக மாற்றினால் கிடைப்பது சைக்ளோடெக்ஸ்ட்ரின். சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழ்ந்து மயங்கிய நீரிழிவு நோயாளிக்குத் தரும் குளூககான் மருந்தின் மூக்குப் பொடியில் இது உள்ளது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்பொடியில் குளூககானின் அளவு 3 மில்லிகிராம். ஊசியில் இதற்கு ஈடானது 1 மில்லிகிராம். துணைச் சேர்மம் இருந்தும் மூன்று மடங்கு மருந்து தேவைப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விலை மலிவான மருந்தில் இந்த இழப்பைத் தாங்கலாம். இன்சுலினை நாள்தோறும் இவ்வாறு இழப்பது எளிய குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டின் இதற்கு நேர்மாறான பணியைச் செய்கிறது. புற்றுநோயாளிகளின் கடும் வலிக்குத் தரப்படும் ஃபென்டனில் தெளிப்பானில், நாசியின் கால்சியத்துடன் சேர்ந்து அது கூழாகிறது. இதனால் மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் பாயாமல் அளவோடு ஏறுகிறது. ஐரோப்பாவில் 2010-லும் அமெரிக்காவில் 2011-லும் இது அனுமதி பெற்றது. மருந்து உறிஞ்சப்படுவதை மிகுவிப்பதும் நெறிப்படுத்துவதும் ஆகிய இரு பணிகளுக்குமே தாவரங்கள் உதவக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஜம்முவின் திப்பிலிப் பாடம்

இந்தியாவின் சொந்த அனுபவம் மூக்கிலிருந்து தொடங்கவில்லை, வயிற்றிலிருந்து தொடங்கியது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகு சித்த, ஆயுர்வேத மருந்துகள் பலவற்றில் ஏன் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது என்ற கேள்வியை ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானி சி.கே. அடல் எழுப்பினார். திரிகடுகு தானே நோயைத் தீர்க்காத இடங்களில், பிற மருந்தின் ஏற்பைப் பெருக்குவதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்தை அவர் 1979-ல் முன்வைத்தார். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற காரச் சேர்மம், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது என்பதை அவரது குழுவினர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அதன் பயன் காசநோய் மருந்தில் வெளிப்பட்டது. வழக்கமாக 450 மில்லிகிராம் தரப்படும் ரிஃபாம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைத்து, 300 மில்லிகிராம் ஐசோனியாசிடும் 10 மில்லிகிராம் பைப்பரினும் சேர்த்த 'ரிசோரின்' என்ற மருந்து 2009-ல் சந்தைக்கு வந்தது. ஜம்மு ஆய்வுக்கூடம் 2007-ல் இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் எனப் பெயர் மாறியிருந்தது. அந்த அரசு நிறுவனமும் அகமதாபாதைச் சேர்ந்த கேடிலா பார்மசூட்டிகல்ஸ் நிறுவனமும் இதைக் கூட்டாக உருவாக்கின.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அப்படியிருந்தும் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் நாடெங்கும் வழங்கும் வழக்கமான கூட்டு மாத்திரைகளில் பைப்பரின் இல்லை. கருத்து உதித்ததற்கும் மருந்து வந்ததற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. வந்த பின்னும் அரசுத் திட்டத்தின் மாத்திரைக்குள் அது நுழையவில்லை. இதற்கிடையே ரிஃபாம்பிசினின் அளவைக் குறைப்பதைவிட உயர்த்தினால் கிருமி விரைவில் அழியுமா என்ற திசையில் உலக ஆய்வுகள் நகர்ந்தன. காசநோயில் இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்தால் நோய் நீடிக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் உருவாகும். ஆகவே 'குறைந்த மருந்து போதும்' என்ற வாக்குறுதியைப் பலவகைப்பட்ட நோயாளிகளிடம் மெய்ப்பித்துக் காட்டும் சுமை அதை முன்வைப்பவரையே சாரும்.

மற்றொரு பாடமும் உண்டு. பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட முடிவின்படி, 2 கிராம் மஞ்சள் சாரத்துடன் 20 மில்லிகிராம் பைப்பரின் தந்தபோது மனிதர்களின் உடலில் அதன் ஏற்பு 2,000 சதவீதம் உயர்ந்தது. எலிகளில் அந்த உயர்வு 154 சதவீதமே. விலங்கில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பைப்பரின் வேண்டிய மருந்தின் அளவை மட்டும் உயர்த்துவதும் இல்லை. வலிப்புக்கான ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவையும் அது உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அளவு மிஞ்சினால் இம்மருந்துகளே நஞ்சாகும்.

குடலில் நிகழ்வது நாசியிலும் நிகழும் என்று கொள்வதும் தவறு. பைப்பரினின் ஆற்றலில் பெரும்பங்கு கல்லீரல், குடல் நொதிகளைத் தடுப்பதில் உள்ளது. மூக்கு வழி மருந்தோ அந்த உறுப்புகளின் முதல் சோதனையை ஏற்கெனவே தவிர்த்துவிடுகிறது. மேலும் மிளகுக் காரம் நாசியில் பட்டால் தும்மல் வரும். தும்மலோடு மருந்தும் வெளியேறும். ஆயுர்வேதத்தின் நசியச் சிகிச்சையை மேற்கோள் காட்டி 'முன்னோர் அன்றே கண்டனர்' என்று முடித்துவிடுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். மரபு ஒரு தடயத்தைத் தரலாம். தீர்ப்பை ஆய்வுதான் தர வேண்டும்.

சுவிட்சர்லாந்து தந்த எச்சரிக்கை

2000-2001 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மூக்கு வழி இன்ஃபுளுயன்சா தடுப்பு மருந்து ஒன்று அறிமுகமானது. எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காக அதில் ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சுப் புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. மருந்து பெற்றவர்களிடையே முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் பெல் வாதம் எதிர்பாராத அளவில் தோன்றியது. அதைப் பெறாதவர்களுடன் ஒப்பிடுகையில் ஆபத்து சுமார் 19 மடங்கு என்று 2004-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதற்கு முன்பே அந்த மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. ஐயம் முதன்மையாக விழுந்தது தடுப்பு மருந்தின் மீதன்று. அதனுடன் சேர்த்த துணைப்பொருளின் மீது. அந்தப் பொருள் தாவரத்திலிருந்து வந்ததன்று என்றாலும், 'துணைப்பொருள்தானே' என்ற அலட்சியத்துக்கு மூக்கில் இடமில்லை என்பதை அது உணர்த்தியது.

இந்தியாவில் 2022-ல் அவசர அனுமதி பெற்று 2023 ஜனவரி 26-ல் அறிமுகமான பாரத் பயோடெக்கின் மூக்கு வழி கரோனா தடுப்பு மருந்து வேறு வழியைப் பின்பற்றியது. பெருகும் திறன் நீக்கப்பட்ட அடினோவைரஸ் தானே செல்லுக்குள் நுழையும் ஆற்றல் கொண்டது என்பதால் கதவைத் திறக்கத் தனிச் சேர்மம் தேவைப்படவில்லை.

யார் அனுமதிப்பது, யாருக்குப் பயன்?

தில்லியில் முடிவு செய்யப்பட வேண்டிய கேள்விகள் இனிதான் வருகின்றன. மூலிகை மருந்துகளை ஆயுஷ் துறை கவனிக்கிறது. 2014 முதல் அது தனி அமைச்சகம். நவீன மருந்துகள் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. ஒரு நவீன மருந்தில் தாவரச் சேர்மம் ஒன்றைச் சேர்த்து அதன் ஏற்பை மாற்றினால் அது புதிய மருந்தாகவே கருதப்பட்டு, 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின் கீழ் ஆராயப்பட வேண்டும். தாவர மருந்துகளுக்கென 2015-ல் உருவாக்கப்பட்ட தனிப் பிரிவும் இங்கே முழுமையாகப் பொருந்தாது. குறைந்தது நான்கு சேர்மங்கள் அடங்கிய, தரப்படுத்தப்பட்ட சாற்றுக்கே அது உரியது. பைப்பரின் போன்ற ஒற்றைத் துணைச் சேர்மத்துக்கென்று தெளிவான வழிகாட்டுதல் வகுப்பது அவசியம். நாசியின் நுண்ரோமங்கள், மோப்ப உணர்வு, நீண்டகாலப் பயன்பாடு ஆகியவற்றின் மீதான விளைவைச் சோதிப்பதை அதில் கட்டாயமாக்க வேண்டும்.

அடுத்தது உரிமை. மஞ்சளின் புண் ஆற்றும் தன்மைக்கு அமெரிக்காவில் 1995-ல் வழங்கப்பட்ட காப்புரிமையை, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆட்சேபத்தை ஏற்று 1997-ல் அந்நாடு ரத்து செய்தது. பாரம்பரிய அறிவு மின்நூலகம் 2001-ல் தொடங்கப்படுவதற்கு இத்தகைய அனுபவங்களே தூண்டுதல். பைப்பரினோ வேறு கதை. காசநோய் மருந்தில் அதைப் பயன்படுத்த 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர்கள் ஜம்மு ஆய்வுக்கூடத்தினர். மறு ஆண்டே, ஊட்டச்சத்துகளின் ஏற்பை மிகுவிக்கப் பைப்பரினைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் இயங்கும் தனியார் நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்றது. அரசுப் பணத்தில் கிளைத்த கருத்து, உலக ஊட்டச்சத்துச் சந்தையில் தனியாரின் வணிகச் சரக்காகவும் ஆனது.

திப்பிலியைப் பயிரிடுவோரும் காட்டில் சேகரிப்போரும் மேகாலயத்திலும், விசாகப்பட்டினம் மலைப்பகுதியிலும், கேரளத்திலும் உள்ளனர். அவர்களுக்கு இதில் என்ன பங்கு என்பதை முடிவு செய்யும் பொறுப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கு உரியது. ஆனால் 2023-ல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், ஏடுகளில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து விலக்கு அளித்துள்ளது. திப்பிலியும் மிளகும் அந்த ஏடுகளில் பக்கத்துக்குப் பக்கம் இருப்பவை. தொழில் வளர்ச்சிக்கு இந்தத் தளர்வு தேவை என்கிறது அரசு. மலைவாழ் மக்களின் பங்கு இதனால் கரைந்துவிடும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். இரண்டில் எது மெய் என்பது, இனி வரும் மருந்துகளின் வருவாய் எங்கே போகிறது என்பதைக் கொண்டே தெரியும்.

சிலியின் மரப்பட்டை இந்தியாவுக்கு வேறொரு வகையிலும் நெருக்கமானது. புணேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 மலேரியா தடுப்பூசியை 2023 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. அதன் ஆற்றலைக் கூட்டும் துணைப்பொருளின் மூலம் குவில்லாஜா சப்போனினே. ஊசியில் செலுத்தப்படும் இந்த மருந்தில், கதவைத் திறக்கும் வேலைக்குப் பதிலாக உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் வேலையை அது செய்கிறது. மூக்குக்கு மிகவும் கடுமையானது என ஒதுக்கப்பட்ட தாவரச் சேர்மம், தூய்மைப்படுத்தி முறையாகச் சோதித்த பின் ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் காக்கும் மருந்தில் இடம்பெற்றுவிட்டது.

நம் நாட்டில் மூலிகை ஆய்வுக்கு அரசு செலவிடுவது மக்களின் வரிப்பணம். அதன் முடிவுகள், சாதகமானவையும் பாதகமானவையும், பொதுவில் வைக்கப்பட வேண்டும். எலிகளிடம் நடந்த சோதனையை வைத்து விழா எடுப்பதை விடுத்து, மனிதர்களிடம் போதிய எண்ணிக்கையில், போதிய காலம், மருந்தை உருவாக்கியவர்களின் தலையீடின்றிச் சோதனை நடத்த வழிசெய்ய வேண்டும். வெற்றி பெறும் தெளிப்பான் மாவட்ட மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும். வலிப்பு கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மருத்துவமனைக்கு ஓடும் தாய்க்கு, குப்பியில் உள்ள துணைச் சேர்மம் எந்த ஏட்டில் சொல்லப்பட்டது என்பது முக்கியமன்று. அது வேலை செய்யுமா, குழந்தைக்குத் தீங்கு செய்யாதா, தன்னால் வாங்க முடியுமா என்பனவே அவள் கேட்கும் கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும் கடமை அரசுக்கு உண்டு.